குலைநோய்ப் பூஞ்சாணத்துக்கு மரபணுக் கணக்கெடுப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா, தாளடி நெல்லில் குலைநோய் தென்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, எந்த மருந்தை ஏக்கருக்கு எவ்வளவு தெளிக்க வேண்டும் என்ற பரிந்துரையோடு முடிந்துவிட்டது. பரிந்துரையில் பிழையில்லை. ஆனால், வயலில் இருப்பது எந்தப் பிரிவைச் சேர்ந்த பூஞ்சாணம், நட்டிருக்கும் ரகத்தின் எதிர்ப்புத்திறன் அதனிடம் செல்லுபடியாகுமா என்ற கேள்வி அதில் எழவே இல்லை.

மார்கழிப் பனியில், சாம்பல் நிற நடுவும் பழுப்பு விளிம்புமாக இலையில் கண் வடிவப் புள்ளி விழும்போதே பார்த்துவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். கதிர் வெளிவந்த பிறகு அதன் கழுத்து கறுத்துவிட்டால் பால் பிடிக்காது. கதிர் வெளுத்து ஒடிந்து தொங்கும். கையால் உருவினால் பதர்தான் வரும். அந்தக் கட்டத்தில் வாங்கும் மருந்தால் கடைக்காரருக்குத்தான் பயன்.

இந்நோயை உண்டாக்கும் மேக்னபோர்தே ஒரைசே பூஞ்சாணத்தின் மரபணுத்தொகுதி 2005-ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. பூஞ்சாணம் நெற்செல்லுக்குள் செலுத்தும் புரதங்களில் ஒன்றை நெல்லின் எதிர்ப்பு மரபணு அடையாளம் கண்டுகொண்டால், அந்தச் செல் தானே மடிந்து நோயை அங்கேயே தடுத்துவிடும். காட்டிக்கொடுக்கும் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவைப் பூஞ்சாணம் இழந்துவிட்டாலோ மாற்றிக்கொண்டாலோ, பல ஆண்டு உழைப்பில் உருவான ரகமும் சில பருவங்களில் நோய்க்கு ஆளாகிவிடும். இத்தகைய மரபணுக்கள் பலவும், இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகள் நிறைந்த பகுதிகளில் அமைந்திருப்பதால், அவை கழன்று போவதும் எளிது.

கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். குலைநோய்க்கு எளிதில் இரையாகும் ரகம் என்பதால், எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதிப்பதற்குப் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதைத் தேர்ந்தெடுத்தது. அதனிடமும் ஓர் எதிர்ப்பு மரபணு உண்டு என்பது பிற்பாடு தெரியவந்தது. அது அடையாளம் காணும் பூஞ்சாண மரபணுவுக்கு ஏவிஆர்1-கோ39 என்றே பெயர். நெல்லைத் தாக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலானவற்றிடம் அந்த மரபணு இல்லாததால், கோ 39-க்கு அந்த எதிர்ப்பு வயலில் உதவவில்லை.

பூஞ்சாணத்தைப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதை வங்கதேசத்தில் பார்த்தோம். 2016 பிப்ரவரியில் அங்கே சுமார் 15 ஆயிரம் ஹெக்டேர் கோதுமையில் குலைநோய் பரவி, கதிர்கள் வெளுத்து, சில வயல்கள் தீயிடப்பட்டன. உள்ளூர் நெல்லிலிருந்தோ புல்லிலிருந்தோ நோய் தாவியிருக்குமோ என்ற ஐயம் இருந்தது. தோபசல் இஸ்லாம், சோபியன் கமூன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நோயுற்ற மாதிரிகளை வயலிலிருந்து எடுத்து, மரபணுத் தகவலைச் சில வாரங்களுக்குள் எல்லாரும் பார்க்க இணையத்தில் வெளியிட்டார்கள். அது இதே பூஞ்சாணத்தில் தென் அமெரிக்கக் கோதுமையைத் தாக்கும் பிரிவு என்று தெரிந்தது; எந்த எதிர்ப்பு அதற்கு எதிராக நிற்கும் என்று தேடவும் வழி பிறந்தது. முடிவு வெளிவரும் முன் தரவை வெளியிட ஆய்வாளர்கள் பொதுவாகத் தயங்குவார்கள். அன்று தயங்கியிருந்தால் ஒரு பருவம் வீணாகியிருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்க அரசு முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமைச் சாகுபடியையே தடை செய்ய நேர்ந்தது.

நமக்கு அவ்வளவு கடுமையான நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, டெல்டா மாவட்டங்களில் பருவந்தோறும் குலைநோய் மாதிரிகளைத் திரட்டி, பூஞ்சாணத்தைக் காட்டிக்கொடுக்கும் மரபணுக்களில் எவை இருக்கின்றன, எவை மறைந்துவிட்டன என்பதைப் பதிவு செய்யலாம். அந்த முடிவு ஆய்விதழோடு நின்றுவிடாமல், சம்பா விதை விநியோகம் தொடங்கும் முன், எந்த வட்டாரத்தில் எந்த ரகத்தைத் தவிர்ப்பது நல்லது என்ற எளிய குறிப்பாக உழவன் செயலியில் வர வேண்டும். யூரியாவைப் பிரித்து இடுங்கள் என்ற அறிவுரையோடு இதுவும் சேர்ந்தால் வேளாண் அலுவலர் சொல்வதற்கு எடை கூடும்.

கேழ்வரகையும் இக்கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அதைத் தாக்குவதும் இதே பூஞ்சாணத்தின் வேறொரு பிரிவுதான். ஜாம்பியாவுக்குப் பரவிய கோதுமைப் பூஞ்சாணம், கேழ்வரகைத் தாக்கும் ஆப்பிரிக்கப் பூஞ்சாணத்தோடு ஆய்வகத்தில் இணைசேர்ந்ததை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. பிரிவுகள் இப்படிக் கலக்க முடியும் என்பதால், நெல்லை மட்டும் கண்காணித்தால் போதாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
கும்பகோணம்.