‘மட்டக்களப்பு நிருபர்’ என்பவருக்கு விருது கொடுப்பது எப்படி? – தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஊடகவியலாளர்களுக்கான தேசிய வாழ்நாள் சாதனையாளர் விருதுக்கு விண்ணப்பம் கோரி அறிவித்தல் வரும். கிழக்கிலங்கையின் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கும் மூத்த நிருபர்கள் படிவத்தை வாங்கிப் பார்ப்பார்கள். நியமனக் கடிதம், நிறுவனம் அத்தாட்சிப்படுத்திய சேவைக்காலம், சொந்தப் பெயரில் வெளியான ஆக்கங்களின் பிரதிகள் என்று கேட்டிருக்கும் இடத்துக்கு வந்ததும் மடித்து வைத்துவிடுவார்கள். மூன்றில் ஒன்றுகூட அவர்களிடம் இருக்காது. முப்பது, நாற்பது வருடம் எழுதியவர்களைத்தான் சொல்கிறோம்.

தகுதியைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் அத்தாட்சியை மாற்றுங்கள். எப்படி மாற்றலாம் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் பெயர் விஷயம். தமிழ்த் தினசரிகளில் மாவட்டச் செய்தியின் தலையில் அடைப்புக்குறிக்குள் வருவது பெரும்பாலும் ஊரின் பெயர்தான்: மட்டக்களப்பு குறூப் நிருபர், காரைதீவு நிருபர், அக்கரைப்பற்று தினகரன் நிருபர். ஒரே ஊரிலிருந்து ஒரே பத்திரிகைக்கு இரண்டு பேர் எழுதினால் ‘மத்திய’, ‘விசேட’ என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டிவிடுவார்கள். ஒருவர் விலகி இன்னொருவர் வந்தாலும் அடைப்புக்குறி அப்படியே இருக்கும். 1985இல் எழுதிய மட்டக்களப்பு நிருபரும் 1999இல் எழுதிய மட்டக்களப்பு நிருபரும் ஒரே ஆளா என்று பத்திரிகையை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது.

இது பத்திரிகை மரபு மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும்தான். போர் நடந்து இரண்டு பக்கமும் துவக்கு இருந்த காலத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நடந்ததை எழுதிவிட்டு, கிழக்கே எழுவான்கரைக்குச் சோதனைச் சாவடி தாண்டி வீட்டுக்குப் போகவேண்டியவர், பெயர் போடவேண்டாம் என்று ஆசிரியபீடத்துக்குத் தானே சொல்லியிருப்பார். சிலர் மூன்று பத்திரிகைக்கு மூன்று புனைபெயரில் எழுதினார்கள். மட்டக்களப்பைச் சேர்ந்த பத்தி எழுத்தாளர் தர்மரத்தினம் சிவராம் ஆங்கில வாசகர்களுக்குத் ‘தராக்கி’யாகவே அறிமுகமானார். அடையாள அட்டையில் உள்ள பெயரில் வெளியான ஆக்கங்கள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும் என்று ஒரு படிவம் சொன்னால், அந்தப் பத்திகள் எல்லாம் யாருமே எழுதாதவை ஆகிவிடும்.

கொழும்புக்குப் போனவர்களுக்குப் பெயர் கிடைத்தது. மட்டக்களப்பில் பிறந்த எஸ். டி. சிவநாயகம் ‘சுதந்திரன்’, ‘தினபதி’, ‘சிந்தாமணி’ ஆசிரியராகத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் நிற்கிறார். அந்தப் பக்கங்களுக்கு ஊரிலிருந்து செய்தி அனுப்பியவர்களின் பெயரைத் தேடினால் அடைப்புக்குறிதான் மிஞ்சும்.

அடுத்தது நிறுவனக் கடிதம். பிரதேச நிருபர்களில் ஆகப் பெரும்பான்மையோர் சம்பளப் பட்டியலில் இருந்ததே இல்லை. பிரசுரமானதற்கு மட்டும் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதி கிடையாது, சேவை இலக்கம் கிடையாது, ஆகவே அத்தாட்சிப்படுத்த ஒரு கோவையும் கிடையாது. இதில் தினபதி, சிந்தாமணிக்கு எழுதியவர்களின் நிலை இன்னும் மோசம். அவற்றை வெளியிட்ட நிறுவனம் 1974இல் அவசரகால விதிகளின் கீழ் சீல் வைக்கப்பட்டு, 1977இல் மறுபடி திறந்து, பின்னர் ஒரேயடியாக மூடப்பட்டது. அங்கிருந்து கடிதம் வாங்கி வா என்றால் யாரிடம் போவது?

இனி, என்ன செய்யலாம்.

விண்ணப்பதாரரிடம் ஆண்டு வாரியாக ஒரு அட்டவணை மட்டும் கேளுங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்தப் பத்திரிகை அல்லது வானொலி, அடைப்புக்குறிக்குள் என்ன போட்டார்கள் அல்லது என்ன புனைபெயர், அப்போது மாவட்டச் செய்திகளைப் பார்த்த ஆசிரியபீட உறுப்பினர் யார். ஒரு பக்கம் போதும். அதன் பிறகு தேடவேண்டியது உங்கள் வேலை. நாற்பது ஆண்டில் இடைவெளி விட்டு மூன்று வாரங்களை நீங்களே தெரிவு செய்யுங்கள். அவரிடம் விட்டால் நல்ல வாரத்தைத்தான் தருவார், அது மனித இயல்பு. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்த வாரங்களின் இதழ்களை எடுத்து, அந்த அடைப்புக்குறியுடன் வந்த எல்லாச் செய்திகளையும் படம் பிடியுங்கள். ஒரு பகுதியை ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்திலேயே பார்க்கலாம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒரே நாள் பத்திரிகைக்கு நகரப் பதிப்பு, வெளியூர்ப் பதிப்பு என்று வேறுபாடு இருந்திருக்கலாம். கிழக்குச் செய்தி ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டிருக்கும். ஒரு இதழில் காணவில்லை என்பதற்காக எழுதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பிறகு அந்தச் செய்திகளைக் கையில் வைத்துக்கொண்டு அவருடன் அரை மணிநேரம் பேசுங்கள். எழுதியவருக்கு மட்டும் தெரிந்தவை சில உண்டு: தகவல் முதலில் யார் மூலம் வந்தது, எந்த வரியை ஆசிரியபீடம் வெட்டியது, கொழும்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது. தொலைபேசி துண்டிக்கப்பட்ட நாட்களில் கொழும்பு போகும் பஸ் சாரதியிடமோ ரயிலில் போகிறவரிடமோ உறையைக் கொடுத்து அனுப்பியவர், அது எத்தனை நாள் பிந்தி அச்சானது என்பதையும் சொல்வார். பத்திரிகைத் திகதியைச் சம்பவத் திகதியுடன் ஒப்பிட்டால் அவர் சொல்வது சரியா என்று தெரிந்துவிடும்.

சாட்சிக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் அந்தக்கால ஆசிரியபீடத்தவர். மற்றவர், எங்கள் அபிப்பிராயத்தில் இவர்தான் முக்கியம், அதே பகுதியில் போட்டிப் பத்திரிகைக்கு எழுதியவர். ஒரே சம்பவத்துக்கு ஓடியவர்கள், யார் முதலில் போனது, யார் போகாமலே எழுதியது என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் தெரியும். போட்டியாளர் பொய்யாகப் புகழமாட்டார். சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியாக அதைப் பெறலாம். காசுக்கட்டளைத் துண்டு, வவுச்சர், வங்கிப் புத்தகத்தில் பத்திரிகைக் கம்பனியின் வரவு இவற்றில் எது இருந்தாலும் மேலதிக பலம். அரசாங்க தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டையைக் கட்டாயமாக்க வேண்டாம். நிறுவனம் சிபாரிசு செய்தால்தான் அது கிடைக்கும். சிபாரிசு கிடைக்காமல் வருடக்கணக்கில் அட்டையின்றியே எழுதியவர்கள் இங்கு நிறையப் பேர்.

பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த நறுக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிராகரிப்புகளில் அதிகம் அங்கேதான் நடக்கிறது. செய்தியை வெட்டி எடுப்பவர் செய்தியை மட்டும் வெட்டுவார். பத்திரிகைப் பெயரும் திகதியும் மேலேயே தங்கிவிடும். நடுவர் ‘திகதி இல்லை’ என்று ஒதுக்கிவிடுவார். அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கேள்விப் பத்திர (டெண்டர்) அறிவித்தலின் முடிவுத் திகதியோ, கிரிக்கெட் ஓட்ட விபரமோ, லொத்தர் முடிவோ, மரண அறிவித்தலோ பாதி இருக்கும். ஒரு கிழமைக்குள் திகதியைப் பிடித்துவிடலாம். பிறகு சுவடிகள் திணைக்களத்தில் ஏழு இதழைப் புரட்டினால் போதும். ஆகவே நறுக்கின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் படிவத்திலேயே எழுதுங்கள்.

பத்திரிகைக் கடதாசி மரக்கூழால் ஆனது. அதில் உள்ள அமிலம் வெயிலிலும் ஈரத்திலும் அதை மஞ்சளாக்கி நொறுக்கும். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் குண்டூசியும் ஸ்டேப்பிள் கம்பியும் சீக்கிரம் துருப்பிடித்து எழுத்தையும் சேர்த்துத் தின்னும். செலோடேப் ஒட்டிய இடம் பழுப்புப் பட்டையாகிவிடும். லெமினேட் செய்வது அதைவிடப் பிழை, உள்ளே ஈரம் அடைபட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை. எல்லாவற்றிலும் மோசம் தொண்ணூறுகளின் தொலைநகல் தாள்கள். சூட்டில் கறுக்கும் பூச்சுத் தாள் அது. காலப்போக்கில் எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். நிருபர் பத்திரிகைக்கு அனுப்பியதன் கைப்பிரதி அவரிடமே இருக்கும், ஆசிரியபீடம் திருப்பி அனுப்பிய கேள்விகள்தான் அந்தத் தாளில் இருந்தன. கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளைச் சமமாக விரித்து எடுத்த படத்தை மூலப்பிரதிக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒளிப்பிரதி எடுத்து ஒவ்வொரு பக்கமும் அத்தாட்சி ஒப்பம் வாங்கி வா என்றால், நொறுங்கும் கடதாசி ஒளிப்பிரதி இயந்திரத்திலேயே முடிந்துவிடும்.

நறுக்கே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990இல் போரால் ஏற்பட்ட இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி. நாவலடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் திருக்கோவிலிலும் வீடே போனவரிடம் கோவை கேட்க முடியாது. இப்படியானவர்களுக்கு ‘ஆவணம் அழிந்தது’ என்று ஒரு கட்டம் போட்டு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் சுவடித் தேடலுக்கு நேரடியாக அனுப்புங்கள். இடம்பெயர்ந்து எழுதாமல் இருந்த மாதங்களைச் சேவை முறிவாகவும் கணக்கிட வேண்டாம்.

வானொலிக்குச் செய்தி கொடுத்தவர்களின் கதை வேறு. தொலைபேசியில் வாசிக்கப்பட்டு ஒலிபரப்பாகிக் காற்றோடு போன செய்திக்கு நறுக்கு ஏது? அங்கே ஆசிரியபீடச் சாட்சியத்தைத் தவிர வழியில்லை.

எதைச் சாதனை என்று கொள்கிறீர்கள் என்பதிலும் எங்களுக்கு ஒரு முறைப்பாடு உண்டு. நடுவர்களின் கண் பெரிய ஒரு வெளிப்படுத்தலைத் தேடும். மாவட்ட நிருபரின் உழைப்பு வேறு விதம். மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனையில் மாடுகளின் மேய்ச்சல்தரை பயிர்ச்செய்கைக்குப் பிடிக்கப்படும் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கிய பிறகுதான் கொழும்பில் பலருக்கு அந்த ஊர்ப் பெயர்கள் தெரியவந்தன. அதற்கு முன்பே மாடு சுடப்பட்டது, தரை உழப்பட்டது என்று உள்பக்க மூலையில் நாலு வரி, ஆறு வரியாக வந்துகொண்டிருந்தது. அவற்றைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் அதுதான் ஆவணம். ஆகவே ‘சிறந்த ஐந்து ஆக்கங்கள்’ என்று கேட்பதுடன், ஒரே விடயத்தைத் தொடர்ந்து எழுதிய ஒரு தொகுதியையும் கேளுங்கள்.

அவற்றைத் தமிழிலேயே வாசிக்கக் கூடிய நடுவர்கள் குறைந்தது இருவர் வேண்டும், அதில் ஒருவர் கிழக்கைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வட்டை, கண்டம், முன்மாரி, போடியார் போன்ற கிழக்கின் வேளாண்மைச் சொற்களெல்லாம் ஆங்கிலச் சுருக்கத்தில் ‘வயல்’, ‘விவசாயி’ என்று தட்டையாகிவிடும். கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் கிராமங்களுக்கிடையே கலவரம் நடந்த நாளில் நிருபர் எந்தச் சொல்லைத் தவிர்த்தார் என்பதில்தான் அவருடைய தரம் தெரியும். மொழிபெயர்ப்பில் அது தெரியாது. மருதமுனையிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் இரண்டு சமூகத்தாரும் வாசிக்கும்படி எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

கொல்லப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை அனுப்ப முடியாது. வீரகேசரியின் மட்டக்களப்பு நிருபர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கிடைத்தார், வயது 45. குறைந்தபட்சம் முப்பது ஆண்டு சேவை, அறுபது வயது என்று எல்லை போட்டால் இவர்கள் இருவருமே வெளியே நிற்பார்கள். எழுதியதற்காகக் கொல்லப்பட்டவர்களுக்கு ஆண்டு எல்லை பொருந்தாது என்று ஒரு உபவிதி சேருங்கள். குடும்பத்தாரின் விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல் குழுவே பெயரை முன்மொழியட்டும். பல குடும்பங்கள் நாட்டில் இல்லை, இருப்பவர்களும் படிவம் நிரப்பும் மனநிலையில் இல்லை. இதை வாழ்நாள் விருதுக்குள் வைப்பதா, தனி விருதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. எங்களில் கூடுதலானோர் அதற்குள்ளேயே வைக்க வேண்டும் என்கிறார்கள்.

மிச்சம் சில்லறை விடயங்கள்தான், ஆனால் ஆட்களைத் தடுப்பது அவைதான். சுயவிண்ணப்பம் மட்டும் என்றால் மூத்தவர்கள் கூச்சப்பட்டு அனுப்பமாட்டார்கள், மற்றவர்கள் முன்மொழிய இடம் கொடுங்கள். அறிவித்தலுக்கும் முடிவுத் திகதிக்கும் இடையில் மூன்று மாதமாவது விடுங்கள், அதுவும் பெரும்போக அறுவடைக் காலத்தில் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நிருபர்களில் பலர் ஆசிரியர்கள், விவசாயிகள், கடைக்காரர்கள். ரயில் மட்டக்களப்போடு முடிகிறது. பொத்துவிலில் இருந்து எழுபது வயதுக்காரர் இரவு விழாவுக்குக் கொழும்பு வரவேண்டுமானால் துணைக்கு ஒருவரும் இரண்டு இரவுத் தங்குமிடமும் வேண்டும், அந்தச் செலவை அழைப்பிதழிலேயே பொறுப்பெடுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நறுக்குகளைப் படமெடுத்து அட்டவணைப்படுத்தும் வேலையை மாணவர்களிடம் ஒப்படைத்தால், விருது கிடைக்காதவரின் கோவையும் பாதுகாக்கப்படும்.

அரச நிதியில் விருது வழங்கப்படுவதானால் இன்னொன்று. புள்ளியிடும் முறை, நடுவர் பெயர், நிராகரிப்புக் காரணம் ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். கேட்கவைக்காமல் நீங்களே வெளியிட்டுவிட்டால் உங்களுக்கும் எங்களுக்கும் வேலை மிச்சம்.

அடுத்த படிவத்தின் வரைவை அச்சுக்குக் கொடுக்கும் முன் தமிழில் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினால், இரண்டு கிழமைக்குள் திருத்தங்களைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து செய்தி எழுதும் சிலர்