ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி

வலிப்பைத் தடுக்கும் பீனோபார்பிட்டோன் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தும், சென்ற ஞாயிறு இரவு எங்கள் நாய் மணிக்கு மூன்றாம் முறையாக வந்த வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் அடங்காததால், அவனைக் கையில் ஏந்தியபடி கானாடுகாத்தான் சாலையோரம் நின்றிருந்தோம். நாயைக் கண்டதும் இரண்டு வண்டிகள் நிற்காமலே போயின. நீங்கள் நிறுத்தினீர்கள்.

வாய்க்குள் விரலை விடப்போன என் தம்பியிடம், "நாக்கையெல்லாம் முழுங்காது தம்பி, கையைக் கடிச்சிரும்" என்று தடுத்து, உடம்பு கொதிப்பதைத் தொட்டுப் பார்த்து, உங்கள் தோளில் கிடந்த துண்டை நனைத்து அவன் பாதங்களிலும் வயிற்றிலும் ஒற்றச் சொல்லி, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, பள்ளம் பார்த்துப் பார்த்துக் காரைக்குடிக்கு ஓட்டினீர்கள். மருத்துவர் ஊசி போட்டு வலிப்பு அடங்கும்வரை வாசலிலேயே நின்ற நீங்கள், கூலி வாங்காமலே போய்விட்டீர்கள். (அவன் நனைத்த இருக்கையையாவது நான் கழுவித் தந்திருக்க வேண்டும்.)

இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அண்ணே. துண்டு எங்களிடம்தான் இருக்கிறது.