அந்தப் படத்தில் இருப்பது வெட்டு அல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மடல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் கார் கிட்டுகளில் புதுச் சரக்கு வந்தால் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டுவேன், அதைப் பார்த்து நீங்களும் வந்துவிடுவீர்கள். இந்த முறை சொல்ல வேண்டியது ஒரு தாளில் அடங்காது. பத்து நாளாக நம் கடைச் சரக்கைப் பற்றி இரண்டு படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். நேற்று வந்த ஒரு கல்லூரி மாணவர் கிட்டை எடுத்து, கவுன்டரிலேயே பெட்டியைத் திறந்து, ஸ்ப்ரூ, அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம், ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தார். எண்ணியதில் தப்பே இல்லை. ஆனால் போன மாதம் வரை இதே கவுன்டரில் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிறவர், நேற்று என் முகத்தைப் பார்க்காமல் போனார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் படத்தில் இருப்பது ஒரு 1/24 காரின், அதாவது அசலில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ள காரின் ஸ்ப்ரூ. வரிசையாகப் பாகங்கள் இருக்கின்றன, நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. ஒரு குட்டிக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் முனையில் எதுவும் இல்லை. கீழே எழுதியிருப்பது: 'கடைக்காரர் பாகத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பெட்டியை மூடி விற்கிறார்.'

விலை ஜாஸ்தி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வேன். சரக்கு தாமதம் என்றால் அதுவும் உண்மைதான். ஆனால் திருட்டு என்ற சொல், அப்பா லாங் பஜாரில் நோட்டுப் புத்தகம் விற்ற காலத்திலிருந்து எங்கள் மேல் விழுந்ததே இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் காரின் பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் ஆனவை. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். ஏரித் தண்ணீர் கால்வாயில் ஓடி, மடை வழியாக ஒவ்வொரு வயலுக்குள்ளும் போவது மாதிரிதான். கால்வாய் இறுகினால் அதுவே நாம் ஸ்ப்ரூ என்கிற சட்டம். வயல்தான் பாகம். இடையில் உள்ள மடையை மோல்டிங் வேலைக்காரர்கள் கேட் என்பார்கள். நாம் நிப்பர் என்கிற சின்ன வெட்டுக் குறடு வைத்து வெட்டுவது அந்த இடத்தில்தான்.

ஓர் எஃகு அச்சு செய்வது பெரிய செலவு. அதனால் ஒரே அச்சை வைத்து ஒரே வண்டியில் நாலைந்து வகைப் பெட்டிகள் போடுவார்கள். சாதாரண வண்டி ஒரு பெட்டி, அதே வண்டியின் ரேஸ் வகை இன்னொரு பெட்டி. இந்த வகைக்கு அந்த பம்பர் தேவையில்லை என்றால் சில நேரம் அதையும் சேர்த்தே அடித்துவிடுவார்கள். செய்முறைத் தாளில் அதை நிழல் போட்டுக் காட்டி, பயன்படாது என்று குறித்திருப்பார்கள். உங்கள் மீதிப் பாக டப்பா நிரம்புவது அப்படித்தான். சில நேரம் அச்சிலேயே மடையை அடைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் அந்த வயலுக்குள் போகாது. காம்பு வரும், பாகம் வராது. படத்தில் இருப்பது இதுதான்.

நான் சொன்னால் கடைக்காரன் பேச்சு என்பீர்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் மோல்டிங் மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர் நம் வாடிக்கையாளர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "இது கேட் அடைச்சது" என்றார். அப்புறம் வேறு தேதியில் வந்த அதே கிட்டின் இன்னொரு பெட்டியை அவர் எதிரிலேயே திறந்தேன். அதே ஸ்ப்ரூவில் அதே இடம் காலி. செய்முறைத் தாளை முதல் படி முதல் கடைசிப் படி வரை விரல் வைத்துத் தேடினோம். அந்தக் காலி இடத்தின் பாக எண் ஒரு படியிலும் இல்லை.

நீங்களே கண்டுபிடிக்கலாம். நிப்பரால் வெட்டிய முனை தட்டையாக இருக்கும். பிளாஸ்டிக் நெருக்கப்பட்டதால் அந்த இடம் வெளுத்திருக்கும், நகத்தால் வருடினால் விளிம்பு இடறும். அடைத்த மடையின் முனை அச்சிலேயே உருவானது. ஸ்ப்ரூவின் மற்ற இடம் போலவே வழவழப்பாக, அதே பளபளப்போடு இருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெளுப்பு தெரியாது, அதற்கு லென்ஸ் வேண்டும். கவுன்டரில் ஒரு லென்ஸைக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

பெட்டியின் டேப் வெட்டியிருந்ததே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆமாம், நாங்கள்தான் வெட்டினோம். வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கண்ணாடிப் பாகங்களில் கீறல் இருக்கிறதா, வண்டியில் ஒட்டும் எழுத்தும் சின்னமும் அச்சடித்த டெக்கால் தாள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அலமாரியில் வைக்கிறோம். வெளிநாட்டிலிருந்து ஒரு விண்ட்ஷீல்டு மட்டும் வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதற்காகக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் மேலே பிளாஸ்டிக் கவர் இறுக்கி வரும். ஜப்பான் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. அதனால் கவர் இல்லாத பெட்டியைப் பழசு என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது படத்தைப் பற்றி வாதாட எனக்கு மனமில்லை. அதில் உள்ள கிட்டின் டயர் ஒன்று பெட்டிக்குள்ளேயே விண்ட்ஷீல்டோடு ஒட்டி, கண்ணாடியில் அரை வட்டமாகக் குழி உருகியிருந்தது. பார்த்தவுடன் எனக்கே வயிற்றைப் பிசைந்தது. வாங்கி மூன்று வருடம் திறக்காமல் வைத்திருந்து, மகன் பிறந்தநாளுக்கு இருவரும் சேர்ந்து கட்டலாம் என்று திறந்திருக்கிறார் அந்த அன்பர்.

படத்தைப் பார்த்தால் போலிச் சரக்கு என்று தோன்றலாம். அது போலிச் சரக்கு அல்ல. இந்தப் பொழுதுபோக்கில் நீண்ட காலமாக உள்ள தொல்லை. மாடல் கார்களின் மெத்தென்ற டயர்கள் பலவும் பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதை மிருதுவாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். அந்தப் பொருள் வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசியும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் தொட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் இறங்கி அதை இளக்கிவிடும். பசை தடவியது போல ஆகிவிடும். சூடு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். அந்தப் பெட்டி விற்பதற்கு முன் ஒரு கோடை எங்கள் மாடி அறையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதே கார் என் சொந்தச் சேகரிப்பில் கட்டாமல் இருந்தது. அதிலிருந்து கண்ணாடி ஸ்ப்ரூவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். டயரும் வேறு ஜோடி.

அவருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது. தயவுசெய்து இந்த ஞாயிறே உங்கள் பரணில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை இறக்குங்கள். டயர்களை மட்டும் வெளியே எடுத்து, சாதாரண பாலிதீன் ஜிப் கவரில் போட்டு, மறுபடி பெட்டியின் ஓரத்தில் வையுங்கள். பாலிதீனை அந்தக் கசிவு ஒன்றும் செய்யாது. கட்டி முடித்த வண்டிகளையும் பாருங்கள். சக்கர விளிம்பில் டயர் உட்காரும் இடத்தில் மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று ஒட்டிவிட்டு டயரை மாட்டினால் பல வருடம் கவலையில்லை. டெக்கால் தாளைத் தனிக் கவரில் மடியாமல் வையுங்கள். ஏற்கெனவே மஞ்சள் பூத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கவரோடு ஜன்னல் கண்ணாடியில், அச்சடித்த பக்கம் வெளியே பார்க்க ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் மஞ்சள் வெளுத்துவிடும். அந்த வேலைக்கு வேலூர் வெயிலைவிட நல்ல மருந்து கிடையாது. கட்டிய காரை மட்டும் நிறுத்திய வண்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூரைத் தூண்கள் வளைந்துவிடும். நாங்களும் மாடி அறையைக் காலி செய்து, சரக்கு முழுவதையும் கீழே சுவரோரம் இறக்கிவிட்டோம்.

இதையெல்லாம் பெட்டிகள் உள்ளே வரும்போதே பார்த்துக்கொண்டிருந்தவர் நம் கடைத் தம்பி. அவர் போன மாதக் கடைசியோடு விடைபெற்றுக்கொண்டார். ஓசூரில் அச்சு வடிவமைக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வருடம் மாடல் கார்களின் ஸ்ப்ரூவைப் பிரித்துப் பார்த்த கை, இனி ஸ்ப்ரூவைப் பிறப்பிக்கும் அச்சையே வரையப் போகிறது. எனக்கு அதில் பெருமைதான். காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷை முதல் முறை பிடித்தபோது பெயின்ட் கெட்டியாகி முனை அடைத்துக்கொள்ள, மூன்று மணி நேரம் பிரித்துக் கழுவியவர். பிறகு உங்களில் எத்தனையோ பேருக்கு, பெயின்ட்டைப் பால் பதத்துக்குத் தின்னரில் கரைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து கார் கட்டும் மேசை இப்போதைக்கு இல்லை. ஏர்பிரஷ் வாடகையும் நின்றிருக்கிறது. மதியம் 1 மணி முதல் 4 மணி வரை கடை மூடியிருக்கும். மேசையை மறுபடி போட எனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் அதற்குப் பொறுமையுள்ள ஆள் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள்.

விலை விஷயம். சுங்க அட்டவணையில் பொம்மையும் ஸ்கேல் மாடலும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் அந்த வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 1000 ரூபாய்ச் சரக்குக்கு 700 ரூபாய் வரி, அதன் மேல் ஜி.எஸ்.டி. இத்தனை நாள் முடிந்தவரை நானே தாங்கினேன். இந்த முறை வரவழைக்கும் கூலியும் சேர்ந்து ஏறியதால் 1/24 கிட்டுகளுக்கு 400 முதல் 700 ரூபாய் வரை கூடுகிறது. முன்பணம் கட்டியிருப்பவர்களுக்கும் சரக்கு வரும்போதுள்ள விலைதான். பசையும் லாக்கர் பெயின்ட்டும் தீப்பிடிக்கும் பொருட்கள் என்பதால் சாதாரண பார்சல் போல விமானத்தில் ஏற்ற முடியாது, அதனால் தாமதமாகவே வரும். அதுவரை கார் பெயின்ட் கடையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வாங்கி நேராக பாடி மேல் அடித்துவிடாதீர்கள். வெறும் பாலிஸ்டைரீனில் அது பட்டால் மேல்தோல் சிலந்தி வலை போல வெடித்துவிடும்.

இத்தனை புலம்பிவிட்டேன். இந்தப் பத்து நாளில் எனக்காகப் பேசியவர்களை மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கும் பாய், அந்தப் படம் வந்த எல்லாக் குழுவிலும் போய், 'பன்னிரண்டு வருஷமா வாங்கறேன், ஒரு பாகம் குறைஞ்சதில்லை' என்று எழுதியிருக்கிறார். நான் கேட்கவே இல்லை. போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஐயா, படம் வந்த மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். எதுவும் பேசவில்லை. டாமியா என்ற ஜப்பான் கம்பெனியின் பீட்டில் கார் கிட் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அது அவருக்கு மூன்றாவது பீட்டில் என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்காக இந்த ஊருக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களையும் சொல்ல வேண்டும். கொல்கத்தா பக்கத்திலிருந்து மகளின் சிகிச்சைக்கு வந்த ஒருவர், வாரக்கணக்கில் காத்திருந்த நாட்களில் நம்மிடம் ஒரு நிப்பர், ஒரு பசை, சின்னதாக ஒரு ஃபியட் கார் கிட் வாங்கிப் போனார். ஊருக்குத் திரும்பும் நாளில் கட்டி முடித்த வண்டியை எடுத்துவந்து காட்டினார். பாடிக்கு வண்ணம் தேர்ந்தெடுத்தது மகள் என்றார். அவர் எடுத்துக்கொடுத்த புகைப்படம் இன்னும் கல்லாப் பெட்டிக்கு மேல் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நான் பாகம் குறைந்த பெட்டியைக் கொடுப்பேனா?

சந்தேகம் இருப்பவர்கள், எப்போது வாங்கியதாக இருந்தாலும் சரி, பில் இல்லாவிட்டாலும் சரி, பெட்டியைக் கொண்டு வாருங்கள். செய்முறைத் தாளை விரித்து வைத்து, எண் எண்ணாகச் சேர்ந்தே பார்ப்போம். நிஜமாகவே பாகம் குறைந்திருந்தால் வரவழைத்துத் தருவது என் பொறுப்பு, செலவும் என்னுடையது. காலை 10 மணிக்குத் திறக்கிறேன். செவ்வாய் விடுமுறை.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்
வேலூர்