செயலாளரின் ஆண்டறிக்கை: நம் தெருக்களுக்குப் பெயர் தந்த ஹேமர்ஸ்

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ் வகுப்பு, கோடைச் சுற்றுலா மூன்றும் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு கிழக்கு லண்டனின் கஸ்டம் ஹவுஸ் பகுதியில் புதிதாகத் தொடங்கிய தெருநடையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

அட்கின்சன் ரோடு, குரூம்ப்ஸ் ரோடு, வில்கின்சன் ரோடு, யங் ரோடு, ஹாஸ்கின்ஸ் குளோஸ். நம் நியூஹாமில் தினமும் கடந்துபோகும் இந்தத் தெருக்களுக்கு யாரோ பிரபுக்களின் பெயர் என்றே நானும் நினைத்திருந்தேன். இல்லை. ஹாஸ்கின்ஸ் வெஸ்ட் ஹாம் ஹேமர்ஸ் ஸ்பீட்வே அணியை, அதாவது மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தய அணியை, நடத்தியவர். மற்றவர்கள் அதில் வண்டி ஓட்டிய வீரர்கள். அவர்களுடைய அரங்கம் இருந்த மண்ணில்தான் இந்த வீடுகள் நிற்கின்றன.

பிரேக்கே இல்லாத 500 சிசி வண்டி. ஒரு பந்தயத்துக்கு நால்வர், நான்கு சுற்று. இடது காலைத் தரையில் உரசவிட்டு, வளைவில் வண்டியைச் சறுக்கியே திருப்ப வேண்டும். 1933இல் வெம்பிளி அணியுடனான போட்டிக்கு 82,400 பேர் திரண்டார்கள். இதே அரங்கில் 1930 டிசம்பரில் தேம்ஸ் அணி ஆடிய கால்பந்து லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 469 பேர்! இப்பகுதித் துறைமுகத் தொழிலாளர்களின் மனம் எதில் இருந்தது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியரான புளூயி வில்கின்சன் 1936 உலக சாம்பியன் பட்டத்துக்கான இறுதியில் ஓட்டிய ஐந்து பந்தயத்திலும் முதலாவதாக வந்தார். முந்தைய சுற்றுகளின் போனஸ் புள்ளிகளைக் கூட்டியதில் பட்டம் வேறொருவருக்குப் போனது. எனக்கு இன்றும் ஆறவில்லை. 1938இல் முறிந்த காறை எலும்போடு ஓட்டி அந்தப் பட்டத்தை வென்றார். 1952இல் ஜாக் யங்கும் உலக சாம்பியன் ஆனார். 1965இல் முதல் பிரிட்டிஷ் லீக், நாக்-அவுட் கோப்பை, லண்டன் கோப்பை மூன்றும் கஸ்டம் ஹவுஸுக்கு வந்தன.

1970 ஜூலை 14 அன்று பெல்ஜியத்தின் லோகரன் அருகே நடந்த வேன் விபத்தில் அணி மேலாளர் ஃபில் பிஷப்பும் நான்கு வீரர்களும் இறந்தார்கள். 1971 பருவத்தோடு ஹேமர்ஸ் கலைந்தது. 1972இல் அரங்கமும் மூடப்பட்டது.

நடையில் எங்களோடு சேர்ந்துகொண்ட ஒரு முதிய அம்மையார், எஞ்சினுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய் காயும் வாசம் இன்னும் தன் மூக்கிலேயே இருப்பதாகச் சொன்னார். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அவரை விடவே இல்லை.

அடுத்த நடையை ஜூலை 14 அன்று வைத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல இரண்டு பெரியவர்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்