பிரபுவின் குடல் பற்றி மல்லிக்கு

ராயபுரம்

அன்புள்ள மல்லி,

இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். விமலாவுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது, மீதிக் கதையை அவளே சொல்வாள்.

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மலத்தில் ரத்தம் நின்றதும் பிரபு, பெருங்குடல் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் கொடுத்த மெசலமைனை நிறுத்திவிட்டான், இடுப்புவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்த 'அப்போப்டாடிக்' என்ற வார்த்தைக்கு நீ பயந்தாய். பயப்பட வேண்டியது அதற்கில்லை, இந்த இரண்டுக்கும்தான்.

குடலில் செல் சாகத்தான் வேண்டும் மல்லி. உள்சுவரில் ஒற்றை வரிசையாக நிற்கிற செல்கள் 3 முதல் 5 நாளுக்குள் மாறிவிடும். கிரிப்ட் என்கிற நுண்குழிகளின் அடியில் ஸ்டெம் செல்கள் பெருகுகின்றன. புதியவை மேலேறி வர, வயதானவை உச்சியில் உதிரும். அப்போது ஓட்டை விழுவதில்லை. பக்கத்துச் செல்கள் அடியில் நெருக்கி, சாகிற செல்லை வெளியே தள்ளி, இடத்தை மூடிவிடும். கூட்ட நேரத்துத் திருவொற்றியூர் பஸ்ஸில் ஒருத்தி இறங்கி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றுவிடுவார்களே, அப்படி. 1972இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தது ஒழுங்கான செல் சாவுக்கு. செல் சுருங்கி, உறையோடு சின்னச் சின்னத் துண்டாகும். உள்ளே இருப்பது சிந்தாது, அதனால் எதிர்ப்புச் செல்கள் அலறிக்கொண்டு ஓடிவராது. ஸ்லைடில் எங்காவது ஒன்றிரண்டு தெரிந்தால் நான் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவேன்.

நெக்ரோப்டோசிஸ் என்பது வேறு மாதிரிச் செல் சாவு. ஆர்ஐபிகே3 என்ற புரதம் எம்எல்கேஎல் என்பதைத் தூண்டும், அது செல்லின் உறையைக் கிழிக்கும். உள்ளிருப்பது கொட்டியதும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவியும். சுவரில் விழுந்த இடைவெளி வழியாகக் கிருமிகள் உள்ளே போகும். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதம் கூடும், அந்த டிஎன்எஃப் இன்னும் பல செல்களைச் சாகடிக்கும். இந்தச் சுற்றுக்குத் தடுப்பாக நிற்பது கேஸ்பேஸ்-8 என்ற நொதி. ஒழுங்கான சாவைத் தொடங்கி வைப்பதும் அதுதான், ஆர்ஐபிகே3ஐ அடக்கி வைப்பதும் அதுதான். 2011இல் ஜெர்மனியில் எர்லாங்கன் குழு எலியின் குடல் செல்களிலிருந்து மட்டும் கேஸ்பேஸ்-8ஐ எடுத்தது. கிருமிகொல்லிப் புரதம் சுரக்கும் பேனெத் செல்கள் அழிந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதி தானாகவே புண்ணானது. அதே ஆண்டு கொலோன் குழு, கேஸ்பேஸ்-8ஐ வேலைக்கு அழைக்கும் ஃபேட் (FADD) புரதத்தை எலியின் குடல் செல்களிலிருந்து எடுத்தது. பெருங்குடல் வீங்கியது. ஆர்ஐபிகே3ஐயும் சேர்த்து எடுத்தபோது அந்த வீக்கம் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது இதுதான்: வெளியிலிருந்து எந்தத் தாக்குதலும் இல்லாமல், செல் சாகிற விதம் மாறினாலே குடல் புண்ணாகிவிடுகிறது.

ஆனால் எலியை வைத்து மனிதனுக்குக் கணக்குப் போட முடியாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு ஆர்ஐபிகே1ஐத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. இந்த வியாதியில் செல் சாவு காரணமாகவும் இருக்கிறது, விளைவாகவும் இருக்கிறது. ஒரு கதவை மட்டும் சாத்தினால் போதாது.

இப்போது பிரபுவுக்கு வருகிறேன். ரத்தம் நின்றாலும் கிரிப்டுகளுக்குள் நியூட்ரோஃபில்கள் உட்கார்ந்திருக்கலாம். மெசலமைன் அங்கேதான் வேலை செய்கிறது. வியாதி அடங்கியிருக்கும்போதும் தினம் 2 கிராமாவது வேண்டும், நிறுத்தினால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மேல்பூச்சு குடலின் கீழ்ப்பகுதி வரை போய்க் கரைவதற்காகப் போட்டது. சிறுநீரகத்துக்காக அவ்வப்போது கிரியேட்டினின் பார்க்கச் சொல்.

மெசலமைன் எனிமா பிரயோஜனமில்லை என்கிறானா? எப்படிப் போடுகிறான் என்று முதலில் கேள். மருந்து பாட்டிலின் அடியில் படிந்துவிடும், நன்றாகக் குலுக்க வேண்டும். குளிர்ச்சியாக உள்ளே போனால் குடல் உடனே வெளியே தள்ளிவிடும், கையில் வைத்துச் சூடு ஏற்றட்டும். மலம் கழித்த பிறகு, படுக்கப் போகும்போது, இடப்பக்கமாகப் படுத்து மெல்ல அழுத்த வேண்டும். பெருங்குடலின் கீழ்நோக்கி வரும் பகுதி இடப்பக்கம்தான் இருக்கிறது. அரை மணி நேரமாவது எழுந்திருக்கக் கூடாது. மலக்குடலில் மட்டும் புண் என்றால் எனிமாவைவிட ஆசனவாயில் வைக்கும் 1 கிராம் சப்போசிட்டரி மாத்திரை சரியான இடத்தில் நிற்கும்.

டைக்ளோஃபெனாக்கை இன்றைக்கே தூக்கிப் போடு. குடல் சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தேவையான புரோஸ்டாகிளாண்டினை அது நிறுத்துகிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கிறது. ஊசியாகப் போட்டாலும் ரத்தம் வழியாகக் குடலுக்கு வரத்தான் போகிறது. அவசரத்துக்குப் பாராசிட்டமால் போதும். இன்னொன்று, இதை மறக்காமல் கேட்டு எழுது: காலையில் எழுந்ததும் இடுப்பு அரை மணிக்கு மேல் விறைத்திருந்து, நடமாடினால் குறைகிறதா? அப்படியென்றால் அது மூட்டை தூக்கிய வலி இல்லை. குடல் வியாதியோடு சேர்ந்து வரும் முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கலாம். டாக்டரிடம் இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வேண்டும்.

மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்க்கட்டும், குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250ஐத் தாண்டினால் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். நடுவில் இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வலி மாத்திரையும் கிருமித் தொற்றும்கூட அதை ஏற்றிவிடும். மழைக்காலத்தில் மறுபடி ரத்தம் வந்தால் வியாதி திரும்பிவிட்டது என்று தானாக ஸ்டீராய்டு தொடங்கவே கூடாது. முதலில் மலப் பரிசோதனையில் அமீபாவும் சி.டிஃபிசைல் என்ற பாக்டீரியாவும் இல்லை என்று தெரிய வேண்டும்.

ரிசல்ட் வந்ததும் ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து அனுப்புடீ. நீ எண்ணை எழுதி அனுப்பினால் புள்ளி எங்கே என்று நான் தேட வேண்டியிருக்கும். அத்தைக்கு என் வணக்கம்.

உன்
சாந்தி