ஜிமேட்டில் 650 என்று ஒரு மதிப்பெண்ணே கிடையாது: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 'ஸ்கோர் உயர்வு உத்தரவாத' பேக்கேஜுக்குச் செலுத்திய ரூ. 64,900-ஐத் திருப்பித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்துக்காக உங்கள் ஹெல்ப்லைன், சாட், கிளை அலுவலகம், ஏரியா மேனேஜர் என்று எல்லாக் கதவையும் தட்டியாகிவிட்டது. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். டிக்கெட் போட்டால் மறுநாளே 'ரிசால்வ்டு' என்று மெசேஜ் வருகிறது. எது தீர்ந்தது என்று கேட்டால் அனுப்பியவருக்கே தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

உங்களிடம் சேர்வதற்கு முன், எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் என் மதிப்பெண் 545. குவாண்ட் (கணிதம்) 78, வெர்பல் (ஆங்கிலம்) 80, டேட்டா இன்சைட்ஸ் (தரவு அலசல்) 73. இந்த ஸ்கோர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கவுன்சிலர் பேக்கேஜை விற்றார். 'இறுதித் தேர்வில்' குறைந்தது 100 புள்ளி ஏறாவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பது நிபந்தனை. கட்டணம் ரூ. 55,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 9,900. வருகைப் பதிவு, அசைன்மென்ட், மாக் (மாதிரித் தேர்வு) எதிலும் குறையில்லை; போர்ட்டலைத் திறந்தால் உங்களுக்கே தெரியும். வகுப்பு முடிந்து மறுபடி எழுதியதில் வந்தது 555. ஜிமேட் மொத்த மதிப்பெண் பத்துப் பத்தாகத்தான் நகரும். அதாவது உங்கள் 64,900 ரூபாய்ப் பயிற்சி என்னை ஒரே ஒரு படி ஏற்றியிருக்கிறது. படிக்காமலே திரும்ப எழுதினாலும் அந்த அளவு ஏறும், இறங்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "எங்க ஃபைனல் மாக்ல உங்களுக்கு 650 வந்திருக்கு. இறுதித் தேர்வுன்னா அதுதான். கியாரண்டி முடிஞ்சுபோச்சு."

ஐயா, 650 என்று ஒரு மதிப்பெண்ணே ஜிமேட்டில் கிடையாது. நவம்பர் 2023-இல் வந்த இப்போதைய வடிவத்தில் மதிப்பெண் 205-இல் தொடங்கி 805-இல் முடிகிறது. 545, 555, 565 என்று எல்லாமே ஐந்தில்தான் முடியும். 200 முதல் 800 வரையிலான பழைய அளவுகோலை 2024 ஜனவரி 31-ஓடு மூடிவிட்டார்கள். ஜிமேட் பயிற்சி விற்கும் நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் பணம் கட்டினேன். சரி, பழைய அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். தேர்வை நடத்தும் ஜிமேக் வெளியிட்ட ஒப்பீட்டின்படி பழைய 700-க்கு இணை புதிய 645. அந்தக் கணக்கில் பழைய 650 என்பது புதிய 600-ஐ ஒட்டித்தான் நிற்கும். உங்கள் சொந்த மாக்கை அப்படியே ஏற்றுக்கொண்டால்கூட 545-இல் இருந்து 100 ஏறவில்லை. இந்தக் கழித்தல் கணக்கை உங்கள் எஸ்கலேஷன் டெஸ்க்கில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை.

அந்த எஸ்கலேஷன் டெஸ்க் நபரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரை இங்கே எழுதவில்லை. கால் ரெக்கார்டிங் உங்களிடம் இருக்கிறது. நான் பேசத் தொடங்கி ஒரு வாக்கியம் முடிவதற்குள் அவர் கேட்டது: "நீங்க தமிழ் மீடியமா? அப்ப வெர்பல் அப்படித்தான் இருக்கும். மெட்டீரியல குறை சொல்லாதீங்க." மூன்று பிரிவில் என் உயர்ந்த மதிப்பெண்ணே வெர்பல்தான்! ஸ்கோர் ரிப்போர்ட் அவர் திரையிலேயே இருந்திருக்கும். கீழே கிடப்பது டேட்டா இன்சைட்ஸ், அதாவது நீங்கள் ஒழுங்காகச் சொல்லித்தராத பகுதி. மூன்று பிரிவுக்கும் சம எடை என்பதால் அங்கே ஒரு புள்ளி ஏறினாலும் மொத்தத்தில் ஆறு ஏழு புள்ளி ஏறும். குறைந்த மதிப்பெண்ணோடு வருபவரை உயர்த்த முதலில் கைவைக்க வேண்டிய இடமே அதுதான். நான் கணக்கைப் பற்றிக் கேட்டால் அவர் என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார். எழுத்துபூர்வமான மன்னிப்பு எனக்கு வேண்டும்.

இனி உங்கள் மாக் தேர்வுகள். உண்மையான தேர்வில் குவாண்ட் 21 கேள்வி, வெர்பல் 23, டேட்டா இன்சைட்ஸ் 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். உங்கள் மாக்கில் குவாண்ட் 31 கேள்வி, 62 நிமிடம். இது நீக்கப்பட்ட பழைய தேர்வின் அமைப்பு. வடிவம் மாறியபோது ஜியாமெட்ரியை எடுத்துவிட்டார்கள். உங்கள் குவாண்ட் புத்தகத்திலோ வட்டமும் முக்கோணமும் அத்தியாயம் அத்தியாயமாக நிற்கின்றன. வாக்கியத்தில் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்ஷனையும் எடுத்துவிட்டார்கள். வெர்பல் வகுப்பில் பெரும் பகுதி இடியம் பட்டியலை மனப்பாடம் செய்வதிலேயே கழிந்தது. இப்போது வெர்பலில் இருப்பது ஆர்சி (பத்தியைப் படித்து விடை சொல்வது), சிஆர் (வாதத்தை அலசுவது) இரண்டே. பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு நாள் குறித்த கதைதான் இது.

இதைவிட மோசம் கால்குலேட்டர். தேர்வில் குவாண்டுக்குக் கால்குலேட்டர் கிடையாது. டேட்டா இன்சைட்ஸில் மட்டும் திரையில் கொடுப்பார்கள். உங்கள் மாக்கில் குவாண்டில் கொடுத்திருக்கிறீர்கள், டேட்டா இன்சைட்ஸில் இல்லை! தலைகீழ். இதில் பழகிய ஆள் தேர்வறையில் பின்னத்தைக் கையால் சுருக்கத் திணறுவார். டேட்டா இன்சைட்ஸின் அட்டவணைக் கேள்வியான டேபிள் அனாலிசிஸில் கால்குலேட்டரைத் தொடத் தோன்றாமல் நேரத்தை விடுவார். மதிப்பெண் போடும் முறையாவது சரியா என்றால் அதுவும் இல்லை. டேபிள் அனாலிசிஸில் ஒரே கேள்விக்குள் மூன்று கூற்று வரும். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பாதி மதிப்பெண் என்ற பேச்சே கிடையாது. உங்கள் மாக் ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிறது. அந்த 650 எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா? அதே வாரம், ஜிமேட்டின் சொந்தத் தளமான எம்பிஏ.காமில் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரபூர்வ மாக் இரண்டையும் எழுதியதில் 555, 545. பழைய நிஜக் கேள்விகளை வைத்து, நிஜத் தேர்வின் மதிப்பீட்டு முறையிலேயே ஓடும் மாக் அவை. அவற்றை எடுத்துக்கொண்டு போய் எங்கே தவறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றால், "வெளி மாக் எல்லாம் நாங்க அனலைஸ் பண்றதில்ல" என்று உங்கள் குவாண்ட் ஆசிரியர் மடிக்கணினியை மூடிவிட்டார்.

விடைக்குறிப்புக்கு ஒரு சான்று. டேட்டா சஃபிஷியன்சி (கொடுத்த கூற்றுகள் விடைக்குப் போதுமா என்று கேட்கும் வகை), உங்கள் நான்காவது தொகுப்பு. கேள்வி: எக்ஸின் மதிப்பு என்ன? முதல் கூற்று: எக்ஸின் வர்க்கம் 9. இரண்டாவது கூற்று: எக்ஸின் கனம் 27. உங்கள் விடை 'டி', அதாவது இரண்டில் எது ஒன்றும் தனியாகவே போதும். எப்படிப் போதும்? வர்க்கம் 9 என்றால் எக்ஸ் 3 ஆகவும் இருக்கலாம், மைனஸ் 3 ஆகவும் இருக்கலாம். முதல் கூற்று போதாது. கனம் 27 என்றால் 3 மட்டும்தான். ஆக விடை 'பி', அதாவது இரண்டாவது கூற்று மட்டும் போதும். டேட்டா சஃபிஷியன்சி வைக்கும் மிகப் பழைய கண்ணியே இந்த மைனஸ்தான். அதில் பாடப்புத்தகமே விழுந்து கிடக்கிறது. டவுட் ஃபோரத்தில் போட்டதற்கு வந்த பதில் 'ரெஃபர் சொல்யூஷன்'.

சென்னைக்கு வரச்சொன்ன கதைக்கு வருகிறேன். ரீஃபண்டுக்கு 'ஒரிஜினல் ஸ்கோர் கார்டு' நேரில் காட்ட வேண்டும் என்றார்கள். இரவு பஸ் பிடித்து, திருச்சியில் இருந்து வந்து, கிளை திறக்கும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்து, ரிப்போர்ட்டின் பிரிண்டை நீட்டினால் கவுண்டரில் கேட்ட கேள்வி: "இதுல சீல் எங்க?" ஜிமேட் ரிப்போர்ட் நம் எம்பிஏ.காம் கணக்கில் வருவது. சீல் குத்தி யாரும் கையில் தருவதில்லை. கல்லூரிக்கும் நேராக இணைய வழியில்தான் போகும். போனில் கணக்கைத் திறந்து அங்கேயே காட்டினேன். "ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏத்துக்க மாட்டோம்." ஸ்கிரீன்ஷாட் இல்லை, இது லாகின் என்றேன். மேனேஜர் மதியம் வருவார் என்றார்கள். மதியம், அவர் இன்று லீவு என்றார்கள். இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் முதல் பஸ்ஸிலேயே திரும்பியிருப்பேன். போக்குவரத்துச் செலவும் இந்தக் கோரிக்கையில் சேரும்.

நேரத்தைப் பற்றி உங்கள் பயிற்சியாளர் சொன்னதையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் என் டேட்டா இன்சைட்ஸைக் கவிழ்த்ததே அதுதான். "முதல் பத்துக் கேள்விதான் ஸ்கோரை முடிவு பண்ணும், அதுக்கு எவ்வளவு நேரம் வேணாலும் எடுங்க." இது பல வருடமாகச் சுற்றும் கட்டுக்கதை. 20 கேள்விக்கு 45 நிமிடம் என்றால் சராசரி இரண்டே கால் நிமிடம். முன்னால் நான்கைந்து நிமிடம் கொட்டினால் பின்னால் குவியும். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நேரம் இருக்கிறது, பாருங்கள்: கடைசி ஆறு கேள்விக்கு மொத்தமே மூன்று நிமிடம். விடையளிக்காமல் விட்டாலும் தண்டனை உண்டு. மூன்று நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் ஒன்றைக் குறித்துவிட்டு, புக்மார்க் செய்து நகர வேண்டும்; எல்லாவற்றையும் முடித்த பின் நேரம் மிஞ்சினால் ஒரு பிரிவில் மூன்று விடை வரை மாற்றலாம். இந்த 'ரிவ்யூ அண்டு எடிட்' திரையே உங்கள் மாக்கில் இல்லை. எந்தப் பிரிவை முதலில் எழுதுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டேட்டா இன்சைட்ஸை, களைத்துப்போன கடைசி நேரத்துக்குத் தள்ளாமல் முதலிலேயே எழுதியிருக்கலாம். எரர் லாக் போடச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை. கேள்வியின் வகை, எடுத்த நேரம், தவறு கான்செப்ட்டிலா, அவசரத்திலா, கேள்வியைப் படித்ததிலா என்று கட்டம் போட்ட ஒரு எக்செல் ஷீட் போதும். 64,900 ரூபாயில் அந்த ஷீட் இல்லை.

மறுபடி அந்த எஸ்கலேஷன் நபர்தான். "அப்ப அடுத்த வாரமே இன்னொரு தடவை எழுதுங்க, என்ன போச்சு?" என்றார். ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் 16 நாள் இடைவெளி வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுத முடியாது. தேர்வுக் கட்டணம் டாலர் கணக்கு. என்ன போச்சா? இந்த வருட அட்மிஷன் போச்சு. ஒரு வருடம் தள்ளினால் ஒரு வருடச் சம்பளம், சீனியாரிட்டி, கிடைத்திருக்கக்கூடிய ஸ்காலர்ஷிப் எல்லாம் போச்சு. இனி வரப்போகும் என் முப்பது வருட வேலை வாழ்க்கையையே நீங்கள் ஓர் அடி பின்னுக்குத் தள்ளிவிட்டீர்கள். இதற்கு 10 லட்சம் கேட்டாலும் தகும்.

இத்தனைக்கும் நடுவில் 'எங்கள் சாதனையாளர்கள்' என்ற போஸ்டரில் என் படத்தைப் போட்டு, கீழே 650 என்று அச்சடித்து, வாட்ஸ்அப் குரூப்களில் சுற்ற விட்டிருக்கிறீர்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? பயிற்சி நிறுவன விளம்பரங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நவம்பர் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை உங்கள் சட்டப் பிரிவு படித்திருக்கும். எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மாணவர் படத்தைப் போடுவதும், கூடுதல் மதிப்பெண் உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதும் அதில் வருகின்றன.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. வெர்பல் சிஆர் எடுத்த ஆசிரியை நன்றாகவே எடுத்தார். சுமுகமாக முடிக்கத்தான் விரும்புகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ரூ. 64,900-ஐ முழுமையாகவும், இரண்டாம் தேர்வுக் கட்டணம், சென்னைப் பயணச் செலவு இரண்டையும் சேர்த்தும் தாருங்கள். போஸ்டரை உடனே எடுத்துவிடுங்கள்.

இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 'வழக்கு எங்கள் தலைமையகம் உள்ள ஊரில் மட்டும்' என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்; 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் பதிவுக் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கால் ரெக்கார்டிங்கை ஆணையமே உங்களிடம் கேட்கும்.

பணத்தை, கட்டணம் வந்த அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். அடுத்த பேட்ச்சில் இலவச இடம், கிரெடிட் வவுச்சர், 'பிரீமியம் மாக் சீரிஸ்' எதுவும் வேண்டாம். பதிலை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பவும். அந்த நபரை எனக்குப் போன் செய்ய வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு ஸ்கோர் ரிப்போர்ட்டுகள், ஜிஎஸ்டி ரசீது, அதிகாரபூர்வ மாக் முடிவுகள், போஸ்டரின் நகல், நான்காவது தொகுப்பின் விடைத்தாள் பக்கம்.