பேரழிவு உலக விளையாட்டுகளை உருவாக்குவோருக்குப் பென்னாகரத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். அணுப்போரில் அழிந்த உலகத்தைக் களமாகக் கொண்ட உங்கள் ரோல்பிளேயிங் (ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும்) வீடியோ கேம்களைப் பல ஆண்டுகளாக விரும்பி ஆடுகிறவன் நான். அவற்றின் கடினம் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை உண்டு.

1997இல் வந்த முதல் ‘ஃபால்அவுட்’ என்னை அச்சுறுத்தியது தண்ணீரை வைத்துத்தான். நாம் வாழும் பாதாளப் புகலிடத்தின் குடிநீர்க் கருவியை இயக்கும் மின்னணுச் சில்லு பழுதாகிவிடும். மாற்றுச் சில்லைத் தேடிக் கொண்டுவர 150 நாள் கெடு. பாலைவனத்தில் நடப்பதும் படுத்து ஓய்வெடுப்பதும் அந்தக் கெடுவைத்தான் தின்னும். தண்ணீர் வணிகர்களுக்குப் பணம் கொடுத்தால் இன்னும் 100 நாள் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும்; பல்லில் கறையும் எலும்பில் வலியும் மெல்ல மெல்ல வந்து சேரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது இதற்காகவே. நல்ல தண்ணீருக்காக அலைவதை வெறும் கற்பனையாக என்னால் ஆட முடியாது.

பின்னால் வந்த பாகங்களில் ‘மிகக் கடினம்’ என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கிறது? எதிரியின் அடி கூடுகிறது, நம் அடி குறைகிறது. கந்தல் சட்டைக் கொள்ளைக்காரன் தலையில் அத்தனை தோட்டாவையும் வாங்கிக்கொண்டு நிற்கிறான். அதில் யோசிக்க எதுவும் இல்லை, பொறுத்துக்கொள்ள மட்டுமே இருக்கிறது.

2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ இதைச் சரியாகப் பிரித்தது. பசி, தாகம், தூக்கம், தோட்டாவின் எடை எல்லாம் ‘ஹார்ட்கோர்’ என்ற தனிப் பொத்தானில் இருந்தன. சண்டையின் கடினம் வேறாக இருந்தது. ‘ஃபால்அவுட் 4’இன் ‘சர்வைவல்’ முறை 2016இல் மீண்டும் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. தாகமும் நோயும் வேண்டுமென்றால், படுக்கையில் தூங்கினால்தான் ஆட்டத்தைச் சேமிக்கலாம் என்ற விதியையும் சேர்த்தே ஏற்க வேண்டும். வெளியேறும்போது ஒரு தற்காலிகச் சேமிப்பு உண்டு, உண்மைதான். ஆனால் மின்வெட்டு நம்மை முறையாக வெளியேற விடுவதில்லை. மாலை முழுவதும் ஆடியது ஒரு நொடியில் போய்விடுகிறது.

பசி, தாகத்துக்கு ஒரு பொத்தான், சண்டைக்கு இன்னொன்று, சேமிப்புக்கு மூன்றாவது என்று பிரித்துக் கொடுங்கள். அடுத்த பாகத்தில் தண்ணீரை எவ்வளவு அரிதாக்கினாலும் நான் ஆடத் தயார்.

அன்புடன்,
பென்னாகரத்து ஆட்டக்காரன்